செல்லத்துக்குப் போன சேர்

“சேர், செல்லத்துக்குப் போனா சாமி கோவிக்குமா?”

ஐப்பசி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நிலக்ஷி என்னிடம் இப்படிக் கேட்டாள். அவளுக்கு எட்டு வயது. தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாவுக்குப் போகும் வழியில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் ஞாயிறுதோறும் நான் அறநெறி வகுப்பு நடத்துகிறேன். அதில் முன்வரிசைப் பிள்ளை அவள். கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பதிலுக்காக நின்றாள்.

நான் சிரித்தேன். அது பெரியவர்கள் சிரிக்கும் அந்த மோசமான சிரிப்பு.

“செல்லத்துக்குப் போறதுன்னு சொல்லக் கூடாது மகள். செல்லம் குடுக்குறதுன்னு சொல்லணும். எங்க, எல்லாரும் சொல்லுங்க பாப்போம்.”

இருபத்தாறு பிள்ளைகளும் மூன்று தரம் சொன்னார்கள். நிலக்ஷியும் சொன்னாள், சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பதில் கிடைக்கவில்லை. எனக்கோ ஒரு குழந்தையின் தமிழைத் திருத்திய திருப்தி கிடைத்தது. அந்தத் திருப்தியோடு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அவள் ஏன் செல்லத்தைப் பற்றிக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பத்து நாட்களுக்கு முன், சரஸ்வதி பூசையன்று, அதே கோயிலில் நான் பேசியிருந்தேன். பிள்ளைகளுக்கு அளவுக்கு மீறிச் செல்லம் கொடுப்பது பற்றிய பேச்சு. சவுக்கு மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி கீழ்ப்பிரிவு லயத்து வீடுகள் வரைக்கும் கேட்கும் என்று கோயில் தலைவர் கணேசமூர்த்தி சொல்லியிருந்தார். அதனால் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப அடித்தேன்.

“செல்லம் நம் பிள்ளைகளைக் கெடுக்கிறது. செல்லத்துக்குப் போகிற காசு கொப்பிக்குப் போகட்டும், புத்தகத்துக்குப் போகட்டும். இந்தத் தீபாவளிக்கு ஒரு வீட்டுக்குள்ளும் செல்லம் நுழையக் கூடாது!”

சனங்கள் அப்படியே அசந்து போனார்கள். தாய்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். பேச்சைக் கேட்டு அழும் பிள்ளைகளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முருகன் என் நாவில் வந்து உட்கார்ந்துவிட்டான் என்றே நம்பினேன். இப்போது நினைத்தால், முருகன் அந்த நேரம் வேறு தோட்டத்துக்குப் போயிருக்க வேண்டும்.

வகுப்பு முடிந்த அந்த ஞாயிறு, நான் நேரே பூண்டுலோயா வீட்டுக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கம் போகும் தலவாக்கலை பஸ்ஸில் ஏறினேன். என் மனைவி நாகலெட்சுமியின் உத்தரவு அது. ஹட்டனில் என் தங்கையின் பேரனுக்கு முதலாவது பிறந்தநாள். நான் வழக்கம்போல எழுதுகிற கொப்பிக்கட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தேன்.

“ஒரு வயசுப் பிள்ள கொப்பிய வச்சு என்னங்க செய்யும்? திங்கும்,” என்றாள். “தலவாக்கல டவுன்ல புதுசா ஒரு வெளயாட்டுச் சாமான் கட வந்திருக்காம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. போய் ஏதாச்சும் சத்தம் போடுற மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”

“நான் எப்படி அங்க போறது? இப்பத்தான் கோயில்ல...”

“பேசினது நீங்க. பொறந்தநாளு அந்தப் பிள்ளைக்கு.”

டவுனில் இறங்கியபோது மழை தூறியது. அது வசதியாகப் போயிற்று. குடையை முகத்துக்கு நேராகச் சாய்த்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நடந்தேன். ‘யாரும் பார்த்துவிடக் கூடாது முருகா’ என்று வேண்டினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் குடையை மடக்கியபோது, தலைக்கு மேலே இருந்த போர்டை நான் பார்த்தேன்.

மேலே தமிழில், சிவப்பு எழுத்தில்: செல்லம். கீழே சிங்களத்திலும் அதே சத்தம்.

சிங்களத்தில் செல்லம் என்றால் விளையாட்டு. இந்த மலையில் பிறந்த எவருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். மாணவர்களுக்குச் சொல்லிக்கூடக் கொடுத்திருக்கிறேன். மைக்கைப் பிடித்தபோது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

கால்கள் ஈரத்திலேயே நின்றுவிட்டன.

“நனையாதீங்க ஐயா, உள்ள வாங்க.”

கடைக்காரப் பெண் வாசலுக்கே வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா போல ஒரு பலூன் மாலை தொங்கியது.

“இல்லம்மா, சும்மா மழைக்கு ஒதுங்கினேன்,” என்றேன். பொய். வாசற்படி தாண்டு முன்பே ஒன்று.

“நல்லா ஒதுங்குங்க. வாங்கணும்னு ஒண்ணும் இல்ல. நம்ம கடையில பாக்குறதுக்கு, தொடுறதுக்கு, வெளயாடுறதுக்கு எதுக்குமே காசு கெடயாது.”

கடை ஒரு அறைதான். சுவரில் பம்பரங்கள், ஊதல்கள், பந்துகள், கண்ணை மூடித் திறக்கும் பொம்மைகள். ஒவ்வொரு சாமானிலும் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, தரையில் ஒரு பாயில் பரப்பி வைத்திருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் வந்து விளையாடிவிட்டுப் போவதற்காம். பாயில் ஒரு பிள்ளையும் இல்லை.

“ஞாயித்துக்கெழமையாச்சே, கூட்டம் இல்லையா?” என்று கேட்டேன். அதை ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினாள்.

“ஆனி மாசம் தெறந்தேன் ஐயா. ஆட்டோல மைக் கட்டி, தோட்டம் தோட்டமாப் போயி ‘செல்லம், செல்லம்’னு நானே கத்தினேன். தொண்ட கட்டிப் போச்சு. ஆனா நல்ல யாவாரம். பிள்ளைக எல்லாம் ‘செல்லத்துக்குப் போவோம், செல்லத்துக்குப் போவோம்’னு வீட்ல தொல்ல பண்ணுமாம். இப்ப பத்து நாளா சிங்கள ஆளுக மட்டும் தான் வர்றாங்க. நம்ம ஆளுக வாசல் வரைக்கும் வந்து, பிள்ளய இழுத்துக்கிட்டு ஓடுறாங்க.”

“ஏன்?”

“கோயில்ல தடுத்துட்டாங்களாம். மைக்ல, என் கட பேரச் சொல்லியே. செல்லத்துக்குக் காசு குடுக்காதீங்க, தீபாவளிக்கு வீட்டுக்குள்ளயே வரக் கூடாதுன்னு.”

“யாரு... யாரும்மா அப்படிச் சொன்னது?”

“யாரோ ஒரு சேராம். பூண்டுலோயா ஆளாம். நல்லாப் பேசுவாராம்.”

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என்னால் ஒரு பெண்ணின் பிழைப்பு போய்க்கொண்டிருப்பதை அவள் வாயாலேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனாலும், ‘நல்லாப் பேசுவாராம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் உள்ளே எங்கோ ஒரு மூலை குளிர்ந்தது. ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்துக்காக நான் பிறகு பல தரம் திருநீறு பூசியிருக்கிறேன்.

அவள் பெயர் கிருஷாந்தி. ஐந்து வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தவள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு அறை நிறைய விளையாட்டுச் சாமானாம்.

“அந்தப் பிள்ளையோட வெளயாட நான் மட்டும் தான். எம்பிள்ளய ரெண்டு வயசுல தங்கச்சிகிட்ட விட்டுட்டுப் போனேன். திரும்பி வந்தப்ப, என்னயப் பாத்து ‘ஆன்ட்டி’ன்னா. ஒரு வருஷமாச்சு, இப்பத்தான் அம்மான்னு கூப்புடுறா.” கையில் இருந்த பலூனை நீவிக்கொண்டே பேசினாள். “இனிமே போகக் கூடாதுன்னு தான் இந்தக் கடயப் போட்டேன். தீபாவளி வரைக்கும் பாப்பேன். நம்ம ஆளுக வரலன்னா, சாவியக் குடுத்துட்டு மறுபடியும் பிளேன் ஏற வேண்டியது தான். ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டக் கேட்டுக்கிட்டே இருக்கான்.”

“தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருக்கே.”

“கட காலியானது கூடப் பரவால்ல ஐயா. அந்த சேருக்கு எம்மேல என்ன கோவம்? அது தான் புரியல. வெளிநாடு போய் வந்தவ, காசு எப்படி வந்துச்சோன்னு நெனச்சாரா? ஒரு தரம் இங்க வந்து, என்னம்மா இதுன்னு கேட்டிருந்தா, எல்லாத்தையும் எடுத்துக் காட்டியிருப்பேன். நான் என்ன தப்பு செஞ்சேன்னு தெரியாம இருக்குறது தான்...”

கையில் இருந்த பலூனைக் கீழே வைத்தாள்.

‘நான்தானம்மா அந்த சேர்.’ மூன்றே சொற்கள். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்றுக்கொடுக்கும் வாய். வாயைத் திறந்தேன்.

“இந்த யானை என்ன வெல?” என்று கேட்டது வாய்.

சாம்பல் நிறப் பஞ்சு யானை. வயிற்றை அழுத்தினால் பாடும். யானை என்றால் பிள்ளையார் முகம், அதனால் என் கொள்கைக்குப் பெரிய பாதகம் இல்லை என்று மனதுக்குள் ஒரு சமாதானமும் தயாராகிவிட்டது. அவள் விலையில் கொஞ்சம் குறைத்தே சொன்னாள். அன்றைக்குப் படியேறிய முதல் தமிழாள் நான்தானாம்.

“கொஞ்சம் வெளிய தெரியாத மாதிரி சுத்திக் குடுங்கம்மா.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஐயாவும் அந்தக் கோயில் பக்கமா?”

“ம்.”

பேப்பரை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றினாள். யோசித்துவிட்டு மூன்றாவது சுற்றும் சுற்றினாள்.

“பயப்புடாதீங்க ஐயா. யாருக்கும் தெரியாது,” என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பொட்டலத்தை மடியில் வைத்து, மேலே குடையை வைத்து, அதற்கும் மேலே திருமுறைப் புத்தகத்தை வைத்தேன். மூன்றாவது வளைவில் பஸ் திரும்பியபோது குடையின் பிடி யானையின் வயிற்றில் அழுந்தியது.

யானை பாடியது. எந்த நாட்டு மொழி என்று தெரியாது, நல்ல கட்டைக் குரல். நான் அமுக்கினேன், மறுபடி முதலிலிருந்து பாடியது. புத்தகத்தை வைத்து அழுத்தினேன், இன்னும் உற்சாகமாகப் பாடியது. கண்டக்டர் திரும்பினார். டிரைவரும் கண்ணாடியில் பார்த்தார்.

பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அம்மா! அது செல்லத்து யானை! சேர் செல்லத்துக்குப் போயிருக்காரு!”

நிலக்ஷி. பக்கத்தில் அவள் அம்மா தனுஷிகா, மடியில் மரக்கறிப் பையோடு.

“வாய மூடு புள்ள,” என்று மகளை அதட்டிவிட்டு, தனுஷிகா முன்னால் குனிந்து என் காதில் மெல்லச் சொன்னாள்: “சேர், நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம். எங்க வீட்டுலயும் ஒரு பம்பரம் இருக்கு. வெறகுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன்.”

யானை இரண்டாவது பாட்டைத் தொடங்கியிருந்தது. நிலக்ஷி என் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வகுப்பில் நிற்பது போலவே கையைக் கட்டிக்கொண்டாள்.

“அப்ப சாமி கோவிக்காதா சேர்?”

“கோவிக்காது மகள்,” என்றேன். “சேர் தான் பெசகிட்டேன்.”

அவள் அதை மிகச் சாதாரணமாக ஏற்றுக்கொண்டாள். யானையைக் கொஞ்சம் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். கொடுத்தேன். அவர்கள் இறங்கும் வரை பஸ் முழுவதும் அந்தப் பாட்டைக் கேட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய், கணேசமூர்த்தியிடம் மைக் கேட்டேன்.

“எதப் பத்தி சேர்?”

“செல்லத்தப் பத்தி.”

“மறுபடியுமா? போன தரம் பேசினதுக்கே எம்பேரன் எங்கிட்டப் பேசுறதில்ல.”

கொடுத்தார். மலையில் தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு அப்படியே வந்திருந்த பெண்கள் இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கைக்கூடக் கழற்றாமல் நின்றார்கள். நான் தொண்டையைச் செருமினேன்.

“நான் குடுக்காதீங்கன்னு சொன்ன செல்லம் வேற. நீங்க போகாம விட்ட செல்லம் வேற. நான் சொன்ன செல்லம் கட இல்ல. கடையோட பேரு செல்லம்னு எனக்குத் தெரியாது. அதனால அந்தச் செல்லத்தக் கொறைங்க. இந்தச் செல்லத்துக்கு...”

முன்னால் நின்ற கங்காணி செல்லசாமி கையைத் தூக்கினார்.

“சேர், எம்பேரும் செல்லம் தான். வீட்ல அப்படித்தான் கூப்புடுறாங்க. என்னயும் கொறைக்கிறதா?”

சிரிப்பு எழுந்தது. அது அடங்குமுன் ஒரு அம்மா கேட்டாள்: “கதைய விடுங்க சேர். போலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க.”

“போங்க!” என்றேன். “அந்தக் கடைக்காரப் பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எம்மேல. யாரும் மன்னிக்காட்டியும் பரவால்ல, போங்க!”

கைதட்டினார்கள். ஆமாம், கைதட்டினார்கள். பிழை செய்தவனுக்கு இப்படி ஒரு வரவேற்பு எங்கும் கிடைக்காது. கணேசமூர்த்தி தோளில் தட்டி, “அன்னிக்கிப் பேசினதவிட இது நல்லாருந்துச்சு சேர்,” என்றார். தனுஷிகா எனக்கு மட்டும் இரண்டு கை சுண்டல் கொடுத்தாள். சுண்டலைத் தின்றுகொண்டு, கடன் தீர்ந்தவனாக, லேசாகப் பாடிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன். பாடியது யானையின் பாட்டு என்பதை நாகலெட்சுமி சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

நடந்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன். கைதட்டலைச் சற்று விரிவாகவே சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் பொண்ணு கேட்டுச்சா?”

“அது எப்படிக் கேக்கும்? அது டவுன்ல கடையில இருக்கும்.”

“ம்,” என்றாள். துருவுவதை நிறுத்தவில்லை. மேலே ஏதாவது சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லித் தப்பியிருப்பேன்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் தலவாக்கலைக்குப் போனேன். வழியெல்லாம் பனிமூட்டம். சொல்ல வேண்டியதை மூன்று பகுதியாகப் பிரித்து, நடுவில் ஒரு தேவாரமும் வைத்துத் தயார் செய்துகொண்டேன். பழக்கம் அப்படி.

கடையின் கதவு பாதிதான் திறந்திருந்தது. கிருஷாந்தி தரையில் உட்கார்ந்து புதிய பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா! வாங்க, வாங்க. யானை பாடுதா?”

“பாடுதும்மா. நிறுத்தத்தான் யாருக்கும் தெரியல.”

அவள் சிரித்தாள். போன ஞாயிற்றுக்கிழமை இந்தச் சிரிப்பு இல்லை.

“நேத்து பூரா நம்ம ஆளுக தான் ஐயா! பாயில எடமில்லாம பிள்ளைக வாசல்ல உக்காந்து வெளயாடுச்சுக. ஏஜென்சிக்காரன் போன்ல கோல் எடுத்தான். நான் வரலன்னு சொல்லிட்டேன். எம்மக பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தா.” பெட்டியின் நாடாவைப் பிய்த்தாள். “கோயில்ல போலாம்னு சொல்லிட்டாங்களாம். போகாதன்னாங்க, இப்ப போன்னாங்க. சாவி குடுத்தா ஆடுறதுக்கு நான் என்ன இந்தக் கொரங்கா?”

ஒரு தகரக் குரங்கை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

“இருந்தாலும் அன்னிக்கி ஏன் அப்படிச் சொன்னாரு? நேத்து வந்தவங்ககிட்டக் கேட்டேன். எல்லாரும் சிரிக்கிறாங்களே ஒழிய, ஒருத்தரும் வெவரமாச் சொல்ல மாட்றாங்க. அது தான் இன்னும் தொண்டயில நிக்குது.”

எனக்கு ஒரு நல்ல வழி தெரிந்தது. கடை நிரம்பிவிட்டது. இவள் போகப் போவதில்லை. ஒரு பந்தை வாங்கிக்கொண்டு, தீபாவளி வாழ்த்துச் சொல்லிவிட்டு நடக்கலாம். இனிச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? இதைவிட நியாயமான யோசனைகளை நான் மேடைகளில் கண்டித்திருக்கிறேன்.

மூன்று பகுதியும் மறந்து போயிற்று. தேவாரத்தின் முதலடிகூட வரவில்லை.

“நான் தாம்மா,” என்றேன். “அந்த சேர். முத்துலிங்கம். பூண்டுலோயா.”

அவள் கை பெட்டிக்குள்ளேயே நின்றது.

“போன ஞாயித்துக்கெழம இந்த முக்காலியில உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டு, சொல்லாமப் போயிட்டேன். பயம். மன்னிச்சிருங்க.”

அவள் எழுந்தாள். நான் உயரமானவன். அவள் அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“அப்ப என்னயப் பத்தி ஏதோ கேள்விப்பட்டுத் தானே சேர்...”

ஐயா என்பது சேர் ஆகிவிட்டது.

“ஒண்ணுமே கேள்விப்படல. பிள்ளைகளுக்கு அளவுக்கு மிஞ்சிச் செல்லம் குடுக்காதீங்கன்னு பேசினேன். அவ்வளவு தான். இப்படி ஒரு கட இருக்குறதே எனக்குத் தெரியாது. உங்க பேரும் தெரியாது.”

“தெரியவே தெரியாதா?”

“சத்தியமா.”

“வெளிநாடு போனவன்னு...”

“அதெல்லாம் நீங்க சொல்லித்தாம்மா தெரியும்.”

அவள் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அது நசுங்கியது. உள்ளே ஏதோ ஒன்று கீச்சிட்டது. அவள் கவனிக்கவில்லை.

“சும்மாவா,” என்றாள். “கோவமே இல்லாமச் சும்மாவா இத்தன நாள் நான் எம்மேலயே சந்தேகப்பட்டு...”

உதடு சிரிப்பதற்குத் தயாராகி, பிறகு கோணியது. பாதி திறந்த கதவைப் பார்த்தாள்.

“சேர், வெளிய யாராச்சும் நிக்கிறாங்களா?”

எட்டிப் பார்த்தேன். பனிக்குள் பஸ் ஸ்டாண்டின் கூரை மட்டும் தெரிந்தது.

“யாரும் இல்லம்மா.”

“அப்ப சரி,” என்றாள். முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வாசலுக்குப் போய், கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி நின்றேன். யாராவது வந்தால் கொஞ்ச நேரம் அங்கேயே நிறுத்தி வைக்கலாம்.